பாதியில் நின்ற ஹீட்டிங் வேலை: என்ஜினியருக்கு எவ்வளவு கொடுப்பது நியாயம்? பிரிட்டனில் வாழ்வோருக்கான முழுமையான வழிகாட்டி

ஜனவரி மாதத்தில் பாய்லர் நின்றுபோன வீட்டில் பணத்தைப் பற்றி நிதானமாகப் பேச யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. என்ஜினியர் வருகிறார், சில மணி நேரம் வேலை செய்கிறார், ஒன்றிரண்டு உதிரிப்பாகங்களை மாற்றுகிறார், ஆனாலும் ரேடியேட்டர் சூடாவதில்லை. மாலையில் பில் மட்டும் வந்து சேர்கிறது. இந்த நிலையில் சிலர் சண்டை வேண்டாம் என்று முழுத் தொகையையும் கொடுத்துவிடுகிறார்கள், சிலர் ஒரு பென்னி கூடத் தர முடியாது என்று அழைப்பைத் துண்டித்துவிடுகிறார்கள். இரண்டுமே தவறு என்பது என் உறுதியான கருத்து. நமக்கு உண்மையில் பயன்பட்ட வேலைக்கும், நம் வீட்டில் தங்கிவிட்ட பொருளுக்கும் உரிய பணத்தைத் தாமதமின்றிக் கொடுக்க வேண்டும். மீதியை ஏன் நிறுத்தி வைக்கிறோம் என்பதை எழுத்தில் சொல்ல வேண்டும். அதைச் செய்வதற்கான வழியை, இங்கிலாந்து, வேல்ஸ் சட்டத்தை அடிப்படையாகக் கொண்டு, படிப்படியாக இங்கே விளக்குகிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒன்று: நீங்கள் வாடகைக்குக் குடியிருப்பவராக இருந்தால் இது பெரும்பாலும் உங்கள் பில்லே அல்ல. குறுகிய காலக் குத்தகைகளில் வீட்டின் ஹீட்டிங், வெந்நீர் அமைப்புகளைப் பழுதுபார்த்து வைக்கும் கடமையை 1985ஆம் ஆண்டின் நில உரிமையாளர் மற்றும் குத்தகையாளர் சட்டத்தின் 11ஆவது பிரிவு வீட்டு உரிமையாளர் மீது சுமத்துகிறது. அவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அவரிடம் சொல்லாமல் நீங்களே ஆளை அழைத்துப் பணம் கொடுத்துவிட்டுப் பின்னர் கேட்பது தேவையில்லாத சிக்கலை உண்டாக்கும்.

முதல் படி: பணத்துக்கு முன் பாதுகாப்பு

பாதியில் நின்ற கேஸ் வேலை, பாதியில் நின்ற பெயிண்ட் வேலையைப் போன்றதல்ல. கேஸ் வாடை வந்தாலோ, கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒலித்தாலோ பாய்லரை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 0800 111 999 என்ற தேசிய அவசர எண்ணை அழையுங்கள். பாய்லரின் மூடி கழற்றிய நிலையிலேயே இருந்தால் அதை நீங்களே மாட்ட முயலவோ, பாய்லரை ஓட்டிப் பார்க்கவோ வேண்டாம்.

அடுத்து, வந்தவர் கேஸ் சேஃப் பதிவேட்டில், அதாவது கேஸ் வேலை செய்ய அனுமதி பெற்றவர்களின் பட்டியலில், இருப்பவரா என்று பாருங்கள். 2009 ஏப்ரல் 1 அன்று கோர்கி பதிவுக்குப் பதிலாக வந்தது இந்தப் பதிவேடு. இதில் இல்லாதவர் கூலிக்கு கேஸ் வேலை செய்வது சட்டவிரோதம். அவரது பதிவு அட்டையின் முன்பக்கத்தில் புகைப்படமும் எண்ணும் இருக்கும். எந்தெந்த வகை வேலைக்கு அவர் தகுதி பெற்றவர் என்பது பின்பக்கத்தில் இருக்கும். பலரும் முன்பக்கத்தைப் பார்த்ததோடு நின்றுவிடுகிறார்கள். பதிவில் இல்லாதவர் உங்கள் பாய்லரைத் திறந்திருந்தால் அது கூலி பேசும் கட்டத்தைத் தாண்டிய விஷயம்: பதிவேட்டின் 0800 408 5500 என்ற எண்ணில் புகார் கொடுங்கள், தகுதியான ஒருவரைக் கொண்டு சோதித்துக்கொள்ளுங்கள், பணம் கொடுப்பதற்கு முன், இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பிடம் கேளுங்கள். கேஸ் சேஃப் பாதுகாப்புப் புகார்களை விசாரிக்கும். விலைத் தகராறுகளில் தலையிடாது.

அதே சமயம், பதிவு பெற்ற என்ஜினியர் ஒருவர் பாய்லர் ஆபத்தான நிலையில் இருப்பதைக் கண்டு, அதைத் துண்டித்து, எச்சரிக்கைச் சீட்டை ஒட்டிவிட்டுப் போனால் அவர் வேலையைக் கெடுத்துவிட்டார் என்று எண்ண வேண்டாம். அவர் தன் கடமையைச் செய்திருக்கிறார். அந்த வருகைக்கான கட்டணம் அவருக்கு முழுமையாகச் சேர வேண்டியது.

இரண்டாம் படி: உண்மையில் எதை ஒப்புக்கொண்டீர்கள்?

நியாயமான தொகை எது என்பது இந்த ஒரு கேள்வியில்தான் பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. ஹீட்டிங் வேலைகள் பொதுவாக மூன்று விதமாகப் பேசப்படுகின்றன. பழுது என்னவென்று கண்டுபிடித்துச் சொல்ல ஒரு கட்டணம். மணிக்கணக்கில் கூலியும் உதிரிப்பாகங்களின் விலையும். சரிசெய்து தர இவ்வளவு என்று மொத்தமாக ஒரு விலை. முதல் வகையில், இன்ன பாகம் போய்விட்டது, இதைச் சரிசெய்வதைவிடப் புது பாய்லர் வாங்குவதே மேல் என்று அவர் சரியாகச் சொல்லிவிட்டால், வீடு குளிராகவே இருந்தாலும் வேலை முடிந்துவிட்டது. முழுக் கட்டணத்தையும் கொடுத்துவிட வேண்டும். மூன்றாம் வகையில், சரியாகாதவரை வேலை முடியவில்லை. நடுவில் உள்ள மணிக்கணக்கு வகையில்தான் பெரும்பாலான தகராறுகள் எழுகின்றன.

நம்மவர்களிடையே இன்னொரு வகையும் உண்டு. கோவிலிலோ தமிழ்ப் பள்ளியிலோ பழக்கமான ஒருவரை அழைத்து, "அண்ணா, வந்து கொஞ்சம் பாருங்க, காசு பிறகு பேசிக்கலாம்" என்று சொல்லிவிடுவது. எழுத்தில் எதுவும் இருக்காது. வேலை சரியாக முடியாதபோது பணத்தைப் பற்றிப் பேச இரு தரப்புக்குமே கூச்சமாக இருக்கும். விலை பேசாத வேலைக்கும் சட்டத்தில் விடை இருக்கிறது: 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம், 51ஆவது பிரிவின்படி, விலை முன்கூட்டியே பேசப்படாவிட்டால் நியாயமான விலையைக் கொடுக்க வேண்டும், அதற்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை. தொழிலாக அந்த வேலையைச் செய்கிற தெரிந்தவருக்கும் இது பொருந்தும்.

வாட்ஸ்அப் செய்திகள், குறுஞ்செய்திகள், தொலைபேசியில் சொன்னவை எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வையுங்கள். அதே சட்டத்தின் 50ஆவது பிரிவின்படி, ஒரு தொழிலாளர் தன் சேவையைப் பற்றிச் சொன்னதை நம்பி நீங்கள் முடிவெடுத்திருந்தால், அவர் வாயால் சொன்னதும் ஒப்பந்தத்தின் பகுதியாகிவிடும். "இந்த வால்வை மாற்றினால் கண்டிப்பாகச் சரியாகிவிடும்" என்று அவர் சொன்னாரா, "இதுவாக இருக்கலாம், மாற்றிப் பார்ப்போம்" என்று சொன்னாரா என்பதில் தொகையே மாறக்கூடும்.

உங்கள் வீட்டிலேயே வைத்துப் பேசி முடித்த வேலைகளில், 2013ஆம் ஆண்டின் நுகர்வோர் ஒப்பந்த விதிமுறைகளின்படி, பொதுவாக 14 நாட்களுக்குள் விலகிக்கொள்ளும் உரிமை உண்டு. ஆனால் அவசரப் பழுதுக்காக நீங்களே அழைத்து வரவழைத்த வேலைக்கு அது பொருந்தாது. ஹீட்டிங் நின்றுபோய் அழைக்கும் அழைப்புகளில் பெரும்பாலானவை அவசர வகையாகவே இருக்கும் என்பதால் இந்த உரிமையை அதிகம் நம்ப வேண்டாம்.

மூன்றாம் படி: வேலை ஏன் முடியவில்லை?

அவர் திறமைக்குறைவாகச் செய்தாரா, உதிரிப்பாகம் கிடைக்கவில்லையா, முன்னால் தெரியாத இரண்டாவது பழுது வெளிப்பட்டதா, அல்லது வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவே இல்லையா? ஒவ்வொன்றுக்கும் நியாயம் வேறு.

சட்டம் ஒரு தொழிலாளரிடம் எதிர்பார்ப்பது நியாயமான கவனமும் திறமையும்தான் (2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம், 49ஆவது பிரிவு). எதையும் முதல் முயற்சியிலேயே சரியாகக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று அது சொல்லவில்லை. ஒரு நல்ல என்ஜினியரும் முதலில் ஒரு பாகத்தைச் சந்தேகித்துப் பின்னர் இன்னொன்றுக்குப் போகலாம். ஆகவே "தவறாகக் கண்டுபிடித்தார்" என்பது மட்டுமே பணத்தை நிறுத்தக் காரணமாகாது. பாகத்தை மாற்றுவதற்கு முன் அவர் சோதித்தாரா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. பாய்லரின் கையேட்டில் உள்ள பிழைக் குறியீட்டின்படி படிகளைப் பின்பற்றினாரா, மல்ட்டிமீட்டரை வைத்து மின்னழுத்தத்தை அளந்தாரா, அமைப்பின் நீரழுத்தத்தைப் பார்த்தாரா? இவை எதையும் செய்யாமல் விலையுயர்ந்த சர்க்யூட் போர்டை மாற்றிப் பார்த்திருந்தால் அது ஊகம். ஊகத்தின் செலவை வீட்டுக்காரர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

மாற்றப்பட்ட பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் படம் எடுத்து வையுங்கள். அமைப்பில் சேறு சேர்ந்திருந்தால் ரேடியேட்டரிலிருந்து வடித்த கறுப்புத் தண்ணீரையும் படம் எடுங்கள். அவர் வந்த நேரம், கிளம்பிய நேரம், பாகம் வாங்குவதற்காக வெளியே போயிருந்த நேரம் ஆகியவற்றை அன்றைக்கே குறித்து வையுங்கள்.

நான்காம் படி: திரும்பி வந்து சரிசெய்ய வாய்ப்புக் கொடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள் பின்னால் பலவீனமான நிலையில் நிற்கிறார்கள். வேலை கவனமாகவும் திறமையாகவும் செய்யப்படவில்லை என்றால், அதைத் தன் செலவில், நியாயமான காலத்துக்குள், உங்களுக்குப் பெரிய சிரமம் தராமல் மீண்டும் செய்து தரும்படி கேட்கும் உரிமையை அதே சட்டத்தின் 55ஆவது பிரிவு தருகிறது. அது முடியாமலோ நடக்காமலோ போனால் 56ஆவது பிரிவின்படி விலைக்குறைப்புக் கேட்கலாம். சில சூழல்களில் அந்தக் குறைப்பு முழு விலையாகவும் இருக்கலாம்.

நியாயமான காலம் என்பது சூழலைப் பொறுத்தது. ஜூலையில் இரண்டு வாரம் காத்திருப்பது பெரிய காரியமில்லை. ஜனவரியில், கைக்குழந்தையோ வயதான பெற்றோரோ உள்ள வீட்டில், இரண்டு நாளே நீண்ட காலம். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதைச் செய்தியில் தெளிவாகச் சொல்லி, ஒரு நாளையும் குறிப்பிடுங்கள். அந்த நாளுக்குள் அவர் வராவிட்டால் வேறு ஒருவரை அழைக்கப்போவதாக முன்கூட்டியே தெரிவியுங்கள்.

வேறு ஒருவர் வந்தால் அவரிடம் எழுத்தில் ஓர் அறிக்கை கேளுங்கள்: அவர் கண்ட பழுது என்ன, முதலாமவர் மாற்றிய பாகம் தேவைப்பட்டதா, தான் செய்த வேலைக்கு எவ்வளவு. முதலாமவரைத் திட்டும் வரிகள் அதில் வேண்டாம். பழுதின் விவரம் மட்டும் போதும்.

ஐந்தாம் படி: தொகையைக் கணக்கிடுதல்

இங்கேதான் பொறுமையாக உட்கார வேண்டும். பில்லை ஒரே தொகையாகப் பார்க்காமல் வரி வரியாகப் பிரித்து, ஒவ்வொரு வரிக்கும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இந்த வேலை கவனமாகச் செய்யப்பட்டதா? இதன் பலன் இப்போது என் வீட்டில் இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் முழுத் தொகை. முதலாவதற்கு மட்டும் ஆம் என்றால், அதாவது நேர்மையாகச் செய்தும் பலன் கிடைக்காமல் போயிருந்தால், நேரத்துக்கான கூலியைக் கொடுப்பது நியாயம். இரண்டுக்கும் இல்லை என்றால் கொடுக்க வேண்டியதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. விலைகள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. லண்டனில் ஒரு காம்பி பாய்லர் (ஹீட்டிங், வெந்நீர் இரண்டையும் தருவது). வெந்நீர்க் குழாயைத் திறந்தால் ரேடியேட்டர்களும் சூடாகின்றன, குழாயில் வருவதோ வெதுவெதுப்பான தண்ணீர். சூட்டை ரேடியேட்டருக்கா வெந்நீருக்கா என்று திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வை என்ஜினியர் மாற்றுகிறார். அதன்பின் குழாயைத் திறக்கும்போது ரேடியேட்டர்கள் சூடாவதில்லை. ஆனால் தண்ணீர் சூடாகவும் குளிராகவும் மாறி மாறி வருகிறது. உடனே எதையும் அளந்து பார்க்காமல் சர்க்யூட் போர்டை மாற்றுகிறார், எந்த மாற்றமும் இல்லை, கிளம்பிவிடுகிறார். பிறகு அழைத்தும் வரவில்லை. இரண்டாவதாக வந்தவர், குழாய்த் தண்ணீரைச் சூடாக்கும் தகடு வெப்பப்பரிமாற்றி சுண்ணாம்புப் படிவால் அடைத்திருப்பதைக் கண்டுபிடிக்கிறார். லண்டன் தண்ணீரின் கடினத்தன்மையால் அங்கே இது அடிக்கடி வரும் பழுது.

முதலாமவரின் பில்: முதல் மணி நேரம் 90 பவுண்டு, அடுத்த இரண்டு மணி நேரம் தலா 60, டைவர்ட்டர் வால்வு 110, சர்க்யூட் போர்டு 160, மொத்தம் 480 பவுண்டு. வால்வு உண்மையிலேயே பழுதாகியிருந்தது, மாற்றியதால் ஒரு குறை தீர்ந்தது, புது வால்வு நம் பாய்லரில் இருக்கிறது. ஆகவே முதல் மணி நேரத்துக்கு 90, வால்வுக்கு 110, அதைப் பொருத்திய ஒரு மணி நேரத்துக்கு 60 என 260 பவுண்டை உடனே கொடுத்துவிட வேண்டும். சோதிக்காமல் மாற்றிய போர்டுக்கான 160, அதைப் பொருத்திய 60 என 220 பவுண்டு தகராற்றுக்குரியது. அவர் தன் போர்டை எடுத்துக்கொண்டு, நன்றாக வேலை செய்த பழைய போர்டையே மீண்டும் பொருத்தித் தரலாம். போர்டும் வேண்டும், அதற்குப் பணமும் தர மாட்டேன் என்று நாம் சொல்வது நியாயமாகாது.

இரண்டாமவருக்குக் கொடுத்த தொகை முழுவதையும் முதலாமவரின் பில்லிலிருந்து கழிக்கலாமா? இந்த எடுத்துக்காட்டில் கூடாது. அடைத்த வெப்பப்பரிமாற்றியை யார் மாற்றியிருந்தாலும் அதற்கு நீங்கள் பணம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். முதலாமவரின் தவறால் கூடுதலாக ஏற்பட்ட செலவை மட்டுமே கழிக்கலாம். அவர் விட்டுச்சென்ற கசிவை அடைத்த கூலி போன்றது அது. பலர் தவறுவது இந்த இடத்தில்தான்.

மொத்த விலைக்குப் பேசிய வேலைகளில் சட்டம் கடுமையானது, அதிலும் நம் தலைப்பையே தொட்ட ஒரு வழக்கு இருக்கிறது. 1972இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த போல்ட்டன் எதிர் மகாதேவா வழக்கில், ஒரு வீட்டுக்கு 560 பவுண்டுக்கு மத்திய ஹீட்டிங் அமைப்புப் பொருத்தப்பட்டது. வீடு போதிய சூடாகவில்லை, அறைக்குள் புகை வந்தது, சரிசெய்ய 174.50 பவுண்டு ஆகும் என்று கணக்கிடப்பட்டது. அந்தக் குறையைக் கழித்து மீதியைக் கொடுக்கும்படி கீழ் நீதிமன்றம் சொன்னது. மேல்முறையீட்டு நீதிமன்றமோ, வேலை பெருமளவில் நிறைவேறவில்லை என்று கூறி, ஹீட்டிங் வேலைக்கு எதுவுமே கொடுக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. இதற்கு மாறாக, 1952இன் ஹோனிக் எதிர் ஐசக்ஸ் வழக்கில், 750 பவுண்டு மதிப்புள்ள அலங்கார வேலையில் சுமார் 56 பவுண்டு குறைகள் மட்டுமே இருந்ததால், வாடிக்கையாளர் குறைகளின் செலவைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இந்த முதல் தீர்ப்பைக் காட்டி எதையும் தர மறுக்கலாமே என்று சிலர் நினைக்கக்கூடும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். எது பெருமளவில் நிறைவேறிய வேலை என்பதை முன்கூட்டியே கணிப்பது கடினம் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமாக, தனியாளாகத் தொழில் செய்யும் ஒருவர் தன் கையிலிருந்து காசு போட்டு வாங்கிப் பொருத்திய நல்ல பாகத்தை இலவசமாக வைத்துக்கொள்வது, சட்டம் இடம் தந்தாலும், செய்யத் தகாத காரியம். அவர் நோய்வாய்ப்பட்டோ விபத்தில் சிக்கியோ வேலையைத் தொடர முடியாமல் போயிருந்தால் இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

வாட் வரியையும் பாருங்கள். 2024 ஏப்ரல் முதல், ஆண்டுக்கு 90,000 பவுண்டுக்கு மேல் விற்றுவரவு உள்ளவர்கள்தான் அதற்குக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். பதிவு எண் இல்லாத பில்லில் 20 விழுக்காடு வரி தனியாகச் சேர்க்கப்பட்டிருந்தால் அந்த வரியைக் கொடுக்க வேண்டியதில்லை. பதிவு பெற்றவராக இருந்தால், நீங்கள் ஒப்புக்கொண்ட தொகைக்குரிய வரியையும் சேர்த்தே கொடுங்கள்.

ஆறாம் படி: எழுதுங்கள், அன்றே கொடுங்கள்

ஒப்புக்கொண்ட தொகையைச் செய்தி அனுப்பும் அதே நாளில் செலுத்திவிட வேண்டும். முழுத் தகராறும் தீரட்டும் என்று அதையும் பிடித்து வைத்தால் உங்கள் நேர்மையை அவர் நம்ப மாட்டார். பிறகு ஒரு நீதிபதியும் நம்பத் தயங்குவார். வங்கி வழியாக அனுப்பி, குறிப்பில் பில் எண்ணைப் போடுங்கள். மேலே சொன்ன எடுத்துக்காட்டுக்கு, தெரிந்த ஒருவருக்கு எழுதும் செய்தி இப்படி இருக்கலாம்:

"வணக்கம் அண்ணா. செவ்வாய்க்கிழமை வந்து வேலை செய்ததற்கு நன்றி. வால்வு மாற்றியது சரியாக இருக்கிறது. அதற்கும், அதைப் பொருத்திய நேரத்துக்கும், முதல் மணி நேரத்துக்குமாக 260 பவுண்டை இன்று உங்கள் கணக்கில் போட்டுவிட்டேன். போர்டு மாற்றிய பிறகும் வெந்நீர் சரியாகவில்லை. திரும்பி வந்து பார்க்கும்படி இரண்டு முறை கேட்டிருந்தேன். பழுது வெப்பப்பரிமாற்றியில் இருந்தது என்று இன்னொரு என்ஜினியர் எழுதிக் கொடுத்திருக்கிறார், இத்துடன் அனுப்பியுள்ளேன். ஆகவே போர்டுக்கும் அதைப் பொருத்திய ஒரு மணி நேரத்துக்குமான 220 பவுண்டை என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் போர்டை எடுத்துக்கொண்டு பழையதை மாட்டித் தர எப்போது வசதிப்படும் என்று சொல்லுங்கள். நான் கவனிக்காத விவரம் ஏதாவது இருந்தால் 14 நாட்களுக்குள் எழுதுங்கள், கட்டாயம் பார்க்கிறேன்."

அறிமுகமில்லாதவருக்கோ நிறுவனத்துக்கோ ஆங்கிலத்தில் எழுதும்போதும் இதே வரிசை போதும்: நன்றாக நடந்தது, கொடுத்த தொகை, நடக்காதது, நிறுத்திய தொகை, அதன் காரணம், பதில் சொல்ல அவகாசம். ஆதாரமில்லாமல் ஏமாற்றுக்காரர் என்பது போன்ற சொற்களை எழுதிவிடாதீர்கள்.

வாசலில் நின்று வற்புறுத்தி முழுத் தொகையையும் கேட்டால், அச்சத்தில் கொடுக்க நேர்ந்தாலும், எதிர்ப்புடன் செலுத்துவதாக அப்போதே ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிடுங்கள். ஏற்கெனவே முழுப் பணமும் கொடுத்திருந்தால், விலைக்குறைப்புக் கேட்கும் உரிமை அதனால் போய்விடாது. திருப்பித் தர அவர் ஒப்புக்கொண்ட நாளிலிருந்து 14 நாட்களுக்குள் பணம் உங்களுக்கு வந்து சேர வேண்டும். கிரெடிட் கார்டில் செலுத்தியிருந்து, விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை இருந்தால், 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆவது பிரிவின்படி கார்டு நிறுவனமும் பொறுப்பாகும்.

ஏழாம் படி: உடன்பாடு வராவிட்டால்

சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் நுகர்வோர் உதவி எண் 0808 223 1133. ஆலோசனை இலவசம், தேவைப்பட்டால் வணிக முறைகேடுகளைக் கண்காணிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கும் அவர்களே தகவல் அனுப்புவார்கள். என்ஜினியர் தன் தொழில் செய்வோருக்கான சங்கம் ஏதாவதிலோ, நம்பகமான தொழில் செய்வோரைப் பட்டியலிடும் திட்டத்திலோ உறுப்பினராக இருந்தால் அதன் சமரசத் திட்டத்தைக் கேளுங்கள். காப்பீட்டின் வழியாக வந்தவராக இருந்தால் புகார் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போக வேண்டும். அது தீர்க்காவிட்டால் நிதி நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் ஃபைனான்ஷியல் ஆம்புட்ஸ்மன் இருக்கிறது.

கடைசி வழி சிறு கோரிக்கை நீதிமன்றம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்டு வரை அங்கே கேட்கலாம். ஸ்காட்லாந்தில் எளிய நடைமுறையின் வரம்பு 5,000 பவுண்டு. வழக்குக்கு முன், 14 நாள் அவகாசம் தந்து இறுதிக் கடிதம் ஒன்றை அனுப்ப வேண்டும். நீங்கள் நிறுத்திய தொகைக்காக அவரே உங்கள் மீது வழக்குத் தொடுத்தாலும் பதற வேண்டியதில்லை, ஆனால் நீதிமன்றக் கடிதத்துக்குப் பதில் சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். கெடு தாண்டினால் உங்கள் தரப்பைக் கேட்காமலேயே தீர்ப்பு வந்துவிடக்கூடும். 220 பவுண்டுக்காக இவ்வளவு தூரம் போவதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பாதித் தொகையில் சமாதானமாகப் போக அவர் முன்வந்தால் பெரும்பாலும் அதை ஏற்றுக்கொள்வதே நல்லது என்பேன். அப்படி முடிந்தால், இத்துடன் கணக்கு முழுமையாகத் தீர்ந்தது என்று இருவரும் எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒப்பந்த வழக்குகளுக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 6 ஆண்டுகளும் ஸ்காட்லாந்தில் 5 ஆண்டுகளும் கால வரம்பு உள்ளதால், பில், படங்கள், செய்திகள், இரண்டாமவரின் அறிக்கை ஆகியவற்றை அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.